வேர்த்தால் ஒழுக்கு இல்லை

எனக்கு உட்காரத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேசிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து இந்த ஸ்டேஷன் ஜன்னல் வரைக்கும் போய் வந்தால், ஓடப் பார்க்கிறான் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அறுபத்தாறு வயதில் எங்கே ஓடுவது. டோல்கேட் வரை ஓடினாலும் அங்கே ஒரு டீ குடித்துவிட்டு நானே திரும்பி வந்துவிடுவேன்.

பெயர் அமீருதீன். திருவொற்றியூரில் ரப்பர் ஹோஸ் செய்கிற ஒரு தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். ஹோஸின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் தண்ணீரை ஏற்றி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே அழுத்தத்தைக் கூட்டுவது. எத்தனையில் ஒழுகுகிறது என்று நோட்டில் எழுதுவது. அவ்வளவுதான் வேலை. ஒரு முறை ஹோஸ் வெடித்து நான் காசிமேடு வரை பறந்துபோய் மீன் ஏலத்தில் விழுந்தேன். வஞ்சிரத்தோடு சேர்த்து என்னையும் கூவினார்கள். முள் அதிகம் என்று யாரும் எடுக்கவில்லை.

இப்படித்தான் பேசுவேன். உண்மையை அதன் சைஸிலேயே சொன்னால் எனக்கு உடம்பு அரிக்கும். என் தோழன் உச்சிமாகாளி இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தான். அவனும் அதே தொழிற்சாலைதான், ரப்பர் கலக்கும் பிரிவு. பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் ஐந்து வயதில் வந்தவன், வாயைத் திறந்தால் ராயபுரம். புதிதாக யாரைப் பார்த்தாலும் என்னைக் காட்டிச் சொல்வான்: "பாய் இன்னா சொன்னாலும் பத்தால வகுத்துக்கோ. ஆனா மீட்டர்ல பாத்துட்டு சொன்னான்னா மட்டும் வகுக்காத. அதுல அவன் பொய் சொல்லமாட்டான்பா."

இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பது அவன் உயிரைப் பற்றி. அது இந்த ஒரு நம்பிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ரிட்டயர் ஆன பிறகு நான் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தேன். வாசலில் இருந்து சமையலறை, சமையலறையில் இருந்து வாசல். ஒரு நாளைக்கு ஆவடி போய்த் திரும்புகிற தூரம். என் மனைவி பதுருன்னிசா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "இது இன்னா வூடா, பேசின் பிரிட்ஜா? காலீல இருந்து ரயிலு வுட்டுகினு கீறீங்க. எங்கனா வெளிய போய் வுடுங்க." அந்த வாரம்தான் டாக்டர் சாண்ட்ரா ஆள் அனுப்பினார். அவருடைய தகப்பனார் எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். ராயபுரத்தில் சர்ச் தெருவில் ஃபிராக் போட்டுக்கொண்டு ஓடிய பெண், இப்போது வயிற்று ஆபரேஷனில் பெரிய ஆள். எர்ணாவூரில் ஒரு ஷெட்டை எடுத்து அதில் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார்.

அந்தச் சோதனையை எளிதாகச் சொல்கிறேன். கணையம் என்று ஒன்று இருக்கிறது, இரைப்பைக்குப் பின்னால். அதில் கட்டி வந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய வாயை எப்படி அடைப்பது என்பதுதான் பிரச்சினை. பழைய முறை, கையால் தையல் போடுவது. டாக்டருடைய முறை, ஒரு கிளிப்பால் கணையத்தை மெதுவாக நசுக்கி, மெல்லிசாக்கி, அப்படியே பூட்டிவிடுவது. எவ்வளவு நசுக்கினால் நன்றாக அடைபடும், எத்தனை அழுத்தம் வரை தாங்கும் என்று அளந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். "அமீர் சார், ஒழுக்கு பாக்கறதுல உங்கள விட்டா யாரு" என்றார். என்னை அதற்கு முன் சார் என்று கூப்பிட்டது மின்சார பில் எடுக்க வருகிறவர் மட்டும்தான்.

மாட்டுக் கணையம் ஐஸ் பெட்டியில் வரும். கறிக்கடைக்காரர் நாற்பது வருடத்தில் யாரும் கேட்காத உறுப்பைக் கேட்கிறார்களே என்று முதல் நாள் கையெடுத்துக் கும்பிட்டாராம். கணையத்தின் நடுவே ஓடுகிற குழாயில் ஒரு சின்ன டியூபைக் கட்டி, நீலச் சாயம் கலந்த சலைனை ஏற்ற வேண்டும். கிளிப் போட்ட வாயில் நீலம் வெளியே வந்தவுடன் மீட்டரைப் படித்து எழுத வேண்டும். அழுத்தத்தை ஏற்றுகிற ஒவ்வொரு படிக்கும் மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குக் கஷ்டம். மூன்று நிமிடத்தில் நான் மீஞ்சூர் போய்விட்டு வந்திருப்பேன். ஷெட்டைச் சுற்றி நடந்துவிட்டு வந்து பார்ப்பேன். அது தப்பில்லை, நடந்தாலும் என் கண் அங்கேதான் இருக்கும்.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. அதுகூட அப்போது தப்பில்லை.

ரப்பரில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வேர்த்தால் ஒழுக்கு இல்லை, சொட்டினால்தான் ஒழுக்கு. புது ஹோஸில் அழுத்தம் ஏற்றினால் மேலே பொடிப்பொடியாக வேர்க்கும். பஞ்சு வேஸ்டை எடுத்துத் துடைத்துவிட்டு மேலே ஏற்றுவோம். கொஞ்ச நேரத்தில் ரப்பர் ஊறி, உப்பி, தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். வேர்ப்பதை எல்லாம் ஒழுக்கு என்று எழுதியிருந்தால் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு முழம் ஹோஸ் வெளியே போயிருக்காது.

கணையமும் வேர்த்தது. கிளிப் போட்ட வாயில், மீட்டர் பதினெட்டில் நிற்கும்போதே, ஊசிமுனை அளவுக்கு நீல வேர்வை வரும். நான் கட்டைவிரலால் துடைத்துவிட்டு மேலே ஏற்றினேன். சொட்டு விழுவது ஐம்பதில். ஐம்பது என்று எழுதினேன். டாக்டர் நோட்டை இரண்டு முறை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தையலுக்கு வந்த அளவு முப்பது. அதுவும் நான் எடுத்ததுதான், ஆனால் தையல் வேர்க்காது, ஊசித் துளை வழியாக நேராகச் சொட்டிவிடும். இப்படி எண்பத்தாறு அளவு எடுத்தேன். எண்பத்தாறிலும் என் கட்டைவிரல் நீலமாக இருந்தது. பதுருன்னிசா சோறு போடும்போது தட்டைத் தள்ளி வைத்தாள்.

எல்லாம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "தண்ணின்னு நெனச்சுக்காதீங்க அமீர் சார். நாம சாப்பிடற கறிய ஜீரணம் பண்ற சாறு இது. வெளிய கசிஞ்சா நம்ம கறி, கடைக் கறின்னு பாக்காது. பக்கத்துல இருக்கற ரத்தக் குழாயத் தின்னுடும். சொட்டக்கூட வேணாம், ஊறினாலே போதும்."

எனக்கு டீ ஆறிப்போயிற்று. அப்படியென்றால் கிளிப்பின் அளவு ஐம்பது இல்லை, நான் துடைத்துவிட்ட பதினெட்டு. அன்று எர்ணாவூரிலிருந்து டோல்கேட் வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் லாரி. ஒவ்வொரு லாரியும் என்னைப் பார்த்துத்தான் ஹார்ன் அடித்தது. திங்கட்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை டெல்லியிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். கோட்டு போட்டவர்கள். டாக்டர் என்னைக் கையைப் பிடித்து அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இந்த அளவெல்லாம் இவர் கை" என்றார். அதில் ஒருவர் என் கையைக் குலுக்கினார், அந்தக் கட்டைவிரலோடு சேர்த்து. அப்போது எப்படிச் சொல்வது. நீங்களே சொல்லுங்கள். நாற்பது வயதுப் பெண், பத்து வருட உழைப்பு. அவரை அந்தக் கோட்டுகளுக்கு முன்னால் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு சொல்லலாம் என்று விட்டேன். அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். முதலில் பன்னிரண்டு நோயாளிகளுக்கு, அவர்கள் சம்மதித்தால், கிளிப்.

உச்சிமாகாளிக்கு முதுகில் வலி வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. ஸ்கேன் எடுத்ததில் கணையத்தின் வால் பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. நல்ல வேளை, பரவவில்லை. எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். தையலா கிளிப்பா என்று அவனே சொல்லலாம் என்றும் சொன்னார்கள். டோல்கேட் டீக்கடையில் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டான்.

"பாய், ஒண்ணு கேக்கறேன். கத வுடாம சொல்லு. தையலு போட்டுக்கவா, கிளிப்பு போட்டுக்கவா?"

"கிளிப்பு தையல விட இருவது ஜாஸ்தி தாங்குது."

"நீயா அளந்த?"

"எம்பத்தாறு தபா."

"மீட்டர்லயா, வாயிலயா?"

நான் கிளாஸைக் கீழே வைத்தேன். எடுத்தேன். மறுபடியும் வைத்தேன். "மீட்டர்ல" என்றேன். அது பொய்யில்லை பாருங்கள். மீட்டர் ஐம்பதைக் காட்டியது உண்மை.

"அப்ப முடிஞ்சுது. கிளிப்பே போடச் சொல்றேன். இன்னாடா இப்டி நிக்கற, எனக்கா ஆப்ரேஷன் உனக்கா? நின்ன எடத்துலயே பரதநாட்டியம் ஆடிகினு கீற."

கிளிப் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவன். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அவனுக்கு மனைவி இல்லை, ஒரே மகள் பேச்சி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கணினியில் உட்காருகிற வேலை, லீவு கிடைக்காது. "நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ வேலைக்குப் போ" என்றேன். "நீங்க இருந்தா எனக்கு பயமே இல்ல பாய் மாமா" என்றாள். அட்டெண்டர் சீட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

வயிற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வரும், அதன் முனையில் ஒரு பை. உள்ளே கசிவது எல்லாம் அதில் வந்து சேரும். தினமும் மதியம் இரண்டு மணிக்கு, டியூட்டி மாறும்போது, நர்ஸ் ஜெரினா வந்து அளந்து எழுதுவாள். நூறு மில்லிக்குள் இருந்தால் நல்லது. முதல் நாள் நூற்றுப் பத்து. ரத்தம் கலந்திருந்தது, பரவாயில்லை என்றார்கள்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு மணிக்குப் பையைப் பார்த்தேன். கழுநீர் நிறம். பையில் கோடு போட்டிருக்கும், படிக்க யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னூற்று இருபது.

அந்த வார்டில் பதினாறு கட்டில். நான் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. ஒரு கிழவி, "யோவ் பாய், எனக்குத் தல சுத்துது, ஒரு எடத்துல நில்லுய்யா" என்று கத்தினாள். முன்னூற்று இருபதை ஜெரினா எழுதினால் டாக்டர் பார்ப்பார். பார்த்தால் கிளிப் ஏன் கசிகிறது என்று கேட்பார். கேட்டால் ஷெட்டுக்குப் போய் நோட்டை எடுப்பார். அவருக்குத்தான் எத்தனை அவமானம். என்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. ஒன்று மட்டும் நினைத்தேன்: ரப்பராக இருந்தால் மூன்று நாளில் ஊறி, உப்பி, தானே அடைத்துக்கொள்ளும். மூன்று நாள்தான் வேண்டும்.

பையின் அடியில் ஒரு குழாய் மூடி இருக்கும். அதைத் திறந்து, கழிவறையில், இருநூற்று நாற்பதை எடுத்துவிட்டேன். இரண்டு மணிக்கு ஜெரினா எண்பது என்று எழுதினாள். "சூப்பர் தாத்தா, உங்க தோஸ்து சீக்கிரம் ஓடிடுவாரு" என்றாள். என்னைத் தாத்தா என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

மூன்றாம் நாள் அந்த நீரில் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். கசிவது வெறும் நிணநீரா, கணையச் சாறா என்று அதில்தான் தெரியும். ஜெரினா ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து, "தாத்தா, இத கீழ லேப்ல குடுத்துட்டு வந்துடுங்க, எப்டியும் நடந்துகினுதான கீறீங்க" என்று என் கையில் கொடுத்தாள். மாடிப்படித் திருப்பத்தில் நின்று, ஒரு பங்கு வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிட்டு, வார்டிலிருந்து கையோடு எடுத்து வந்திருந்த சலைனை ஒன்பது பங்கு ஊற்றினேன். ஷெட்டில் தினமும் செய்த கலவைதான், கை தானாகப் போயிற்று. என் வாழ்க்கையில் நானே ஒரு விஷயத்தைப் பத்தால் வகுத்தது அன்றுதான். ரிசல்ட் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது.

நான்காம் நாள் அவனுக்குக் காய்ச்சல். வயிற்றைத் தொட விடவில்லை.

"பாய், உள்ள எவனோ பீடி பத்தவச்சி அணைக்காம வுட்டுட்டு போன மாரி கீதுடா."

"காத்துடா. வயித்த கிழிச்சா காத்து பூந்துக்கும்."

"பையி இன்னா காட்டுது?"

"எழுவது."

"மீட்டரு கரெக்டா கீதா?"

"கீது."

"அப்ப காத்துதான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். வலி போகவில்லை, எனக்குத் தெரிந்தது. தலையணை ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். ஆனால் மறுபடி கேட்கவில்லை.

டாக்டர் சாண்ட்ரா அன்று இரண்டு முறை வந்தார். வயிற்றைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார், மறுபடி வயிற்றைப் பார்த்தார். "பை நல்லாதான் இருக்கு, டெஸ்டும் நல்லா இருக்கு. ஆனா ஆளு நல்லா இல்லையே" என்றார். ஸ்கேன் எடுக்கலாமா என்று ஜெரினா கேட்டாள். டாக்டர் அந்த எழுபதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மருந்தை மாற்றி ஒரு நாள் பார்க்கலாம் என்றார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். அப்போது சொல்லியிருந்தால் உள்ளே கழுவி, இன்னொரு குழாய் வைத்து, காப்பாற்றியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் டீ வாங்கப் போனேன்.

ஐந்தாம் நாளும் எடுத்தேன். ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்குக் குழாய் சிவப்பாக ஓடியது. ரத்தக் குழாயைத் தின்றுவிட்டிருந்தது, டாக்டர் சொன்ன மாதிரியே. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நானும் கூட ஓடினேன். அவன் என் சட்டையைப் பிடித்திருந்தான், லிஃப்ட் கதவு மூடும் வரைக்கும். ஒரு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். கையுறையைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து நின்றார்.

எதிர்பாராத ரத்தப் பெருக்கு என்று எழுதினார்கள். உடலை அறுத்துப் பார்க்கலாமா என்று பேச்சியிடம் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "வேணுமா பாய் மாமா?" என்றாள். "வேணாம் கண்ணு, போதும் அவன் பட்டது" என்றேன். அதனால் கிளிப்பின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இரண்டாவது நோயாளி பழவேற்காட்டுக்காரர், பிழைத்துக்கொண்டார். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி. மூன்றாவது, வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிற மொஹ்சின். அவருக்கும் கூட இருக்க ஆளில்லை என்று கேள்விப்பட்டு நானே போனேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அமீர் சார், உங்கள மாதிரி மனுஷன் எங்க கிடைப்பாங்க" என்றார். இரண்டாம் நாள் பையில் இருநூற்று அறுபது. நான் மூடியைத் திறந்து பாதி எடுத்திருப்பேன், கழிவறை வாசலில் ஜெரினா நின்றுகொண்டிருந்தாள். "தாத்தா" என்றாள், அவ்வளவுதான். அவளும் என் கையிலிருந்து பையை வாங்கவில்லை, நானும் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். நான் அசையாமல் நின்றது என் நினைவில் அந்த ஒரு முறைதான்.

மொஹ்சினுக்கு அன்றே ஸ்கேன் எடுத்து, வேறு குழாய் வைத்து, இப்போது கஞ்சி குடிக்கிறார் என்று சொன்னீர்கள். சந்தோஷம். டாக்டர் கிளிப்பை நிறுத்திவிட்டார் என்றும் சொன்னீர்கள். அது தேவையில்லாதது. அளவைத் திருத்திக்கொண்டால் போதும்.

நான் வேண்டுமென்று செய்தேனா என்று மூன்றாவது முறை கேட்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். உச்சிமாகாளியின் பையிலிருந்து நாலு நாளில் நான் கொட்டியது ஆயிரத்து நூற்று நாற்பது மில்லி. ஒவ்வொரு முறையும் பாட்டிலில் ஊற்றி, அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவிட்டுத்தான் கொட்டினேன். அளக்காமல் கொட்ட என்னால் முடியவில்லை. தாள் வீட்டில் அலமாரியில் இருக்கிறது, பதுருன்னிசா எடுத்துக் கொடுப்பாள். இந்தக் கணக்கை நீங்கள் வகுக்க வேண்டாம். கசிகிறது என்று எனக்குத் தெரியும், எது கசிகிறது என்று தெரியும், அது என்ன தின்னும் என்றும் தெரியும். தெரிந்துதான் மூடியைத் திறந்தேன்.

ஒரே ஒரு உதவி. வெளியே பெஞ்சில் ஒரு பெண் டிஃபன் பாக்ஸோடு உட்கார்ந்திருப்பாள், அது பேச்சி. காட்டுப்பள்ளியில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள். ஏதோ ஆஸ்பத்திரிக் காகிதத்துக்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன மாதத்திலிருந்து என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அவளிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். ஒரே வருடத்தில் இரண்டு தகப்பனை இழந்தால் எந்தப் பிள்ளை தாங்கும்.